மையில் எழுதிய பெயர்

பாரிஸில் காலை எட்டு மணி. ஜன்னல் கண்ணாடியில் மழைநீர் கோடுகோடாக இறங்குகிறது. எழுதிய நாடகங்களால் அரசின் கோபத்துக்கு ஆளாகிச் சீனாவை விட்டு வெளியேறி, பதினோரு ஆண்டுகளாக ஊர் திரும்ப முடியாத ஷென் யூலின், சமையலறையில் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நிற்கிறார். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிகிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுமுனையில் தங்கை ருவோலான். அம்மாவின் கல்லறைக்குக் கல் செதுக்குபவரின் முற்றத்திலிருந்து பேசுகிறாள். பின்னால் கோழிகள் கத்துகின்றன.

“அண்ணே, செதுக்கறதுக்கு முன்னாடி பிள்ளைங்கன்னு நம்ம ரெண்டு பேர் பேரையும் கல்லுல மையால எழுதிட்டாரு. இப்ப உன் பேரைச் செதுக்கினா அரசாங்கத்தால வம்பு வரும்னு உளியைத் தொட மாட்டேங்கறாரு.” யூலின் சொல்கிறார்: “என் பேரை அழிச்சிடச் சொல்லு.” “அம்மாவுக்கு மகனே இல்லேன்னு ஆயிடாதா?” “அம்மாவுக்குத் தெரியும்ல, அது போதும்.” ருவோலான் யாரிடமோ தணிந்த குரலில் பேசுகிறாள். வாளித் தண்ணீரில் துணியை முக்கிப் பிழியும் சத்தம் யூலினுக்குக் கேட்கிறது. கண்களை மூடிக்கொள்கிறார். “துடைச்சாச்சுண்ணே,” என்கிறாள் தங்கை. “அதுக்குள்ளயா?” என்று கேட்கிறார் அவர்.