எடை ரூம் கடிகாரம்

"இந்த ஊர்ல தென்னை மரம்கூட வேலையைக் கெடுக்குது" என்று மொட்டை மாடியில் நின்று எரிந்து விழுந்தான் அமிர்தலிங்கம். ஆன்டெனாவை மறைத்த மட்டையை வெட்டி இறக்கியாகிவிட்டது, வயரையும் மாற்றியாகிவிட்டது. கீழே அந்த ஒரு கடிகாரம் மட்டும் அடங்குவதாக இல்லை.

நியூஜெர்சியில் அமித், பட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கம். நிச்சயதார்த்தத்துக்கு லீவில் வந்தவன், டாக்டரான தன் அம்மாவின் பிரசவ ஆஸ்பத்திரியில் அறைக்கு ஒரு நேரம் ஓடுவதைப் பார்த்து முகம் சுளித்தான். உடனே டைம் சர்வர் என்று ஒரு பெட்டியை வாங்கி மாட்டினான். அது செயற்கைக்கோளிடம் சரியான நேரத்தை வாங்கி, வயர் வழியே எல்லாக் கடிகாரங்களுக்கும் அனுப்பும். எது விலகினாலும் அவன் லேப்டாப் கத்தும்.

நேரத்தில் அவனுக்குத் தனிப் பெருமை வேறு. பெண்ணின் அம்மா அவன் நட்சத்திரத்தை இரண்டு தடவை கேட்டு, "மகம்னா எங்களுக்குப் பயமில்லை. சொந்த ஆஸ்பத்திரியில பொறந்த பிள்ளை, நேரத்துல தப்பே இருக்காது" என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மாப்பிள்ளையின் கால் தரையில் பாவவில்லை.

அப்படிப்பட்டவன் மானத்தைத்தான் எடை ரூம் கடிகாரம் வாங்கிக்கொண்டிருந்தது. பிறந்த குழந்தையைத் துடைத்து எடை போடும் அந்தச் சின்ன அறையில், கடிகாரம் திடீரென்று தொடர்பை விட்டுவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும்.

"எலி கடிச்சிருக்கும் சார்" என்றார் எலக்ட்ரீஷியன் துரைராசு.

"கடிச்ச எலியே வந்து ஒட்டவும் வைக்குதாக்கும்" என்று அவரை ஏற இறங்கப் பார்த்தான். இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டு அம்மா எப்படித்தான் ஆஸ்பத்திரி நடத்துகிறாளோ என்று அலுத்துக்கொண்டான்.

அப்போது லேப்டாப் கத்தியது. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போய் எடை ரூம் கதவைத் தள்ளினான்.

ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார் சிஸ்டர் அருள்செல்வி. ஒரு கையில் பிடுங்கிய வயர். இன்னொரு கை கடிகாரத்தின் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது.

"என்ன சிஸ்டர் பண்றீங்க?"

அவர் நிதானமாக இறங்கி, தொட்டிலில் கிடந்த பெண் குழந்தையைக் காட்டினார். "ஆயில்யம் முடிய இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு தம்பி. அதுக்குள்ள அவசரப்பட்டு வந்துட்டா. மாமியாருக்கு ஆகாதுன்னு நாளைக்கு இவளை யாரும் கட்ட மாட்டாங்க. கொஞ்சம் தள்ளி வச்சா மகம். இவ பாட்டி உள்ள வந்து கடிகாரத்தைக் கண்ணால பார்த்துட்டுப் போனதும் வயரைச் சொருகிடுவேன்."

"கழுத்துல சிலுவை, கையில பஞ்சாங்கமா? நல்லா இருக்கு சிஸ்டர்."

"நான் பார்க்கல தம்பி. பார்க்கிறவங்க இருக்காங்களே."

"பொய் நேரத்துக்கு ஒரு ஜாதகம் எழுதி, அதை நம்பி இன்னொரு குடும்பம் ஏமாறணும். இதுக்குப் பேரு மோசடி. இன்னையோட உங்க வேலை முடிஞ்சுது."

அருள்செல்வியின் முகம் செத்துப்போயிற்று. "என் கல்யாணத்துக்கு முன்னாடியே இங்க வந்தவ. இந்த வயசுல நான் வேற எங்க தம்பி போவேன்? அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எதையும் செய்ங்க."

"கேட்கத்தானே போறேன். வாங்க."

டாக்டர் தையல்நாயகி அப்போதுதான் பிரசவம் பார்த்த கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அமிர்தலிங்கம் நடந்ததைக் கொட்டித் தீர்த்தான். செயற்கைக்கோள், சர்வர், ஸ்டூல், சிலுவை ஒன்றையும் விடவில்லை.

"இவங்களை இப்பவே அனுப்பும்மா. எத்தனை ஜாதகத்துல கை வச்சிருக்காங்களோ. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா நம்மளைக் காறித் துப்ப மாட்டாங்க?"



"கதவைச் சாத்து" என்றார் டாக்டர்.

சாத்தினான்.

"அருளுக்கு அதைப் பழக்கிவிட்டதே நான்தான்."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீயா? படிச்ச டாக்டர், நீயாம்மா? எப்பலேருந்து?"

அருள்செல்வி தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மேஜைமேல் இருந்த அவனுடைய நிச்சயதார்த்தப் பத்திரிகையை மெல்ல உள்ளே தள்ளி டிராயரை மூடினார்.

"நீ ஆயில்யத்துல பொறந்த அன்னியிலேருந்து."