முழுச் சரக்கும் காலி

கரும்புச் சக்கையை அழுத்தி, விறகுக்குப் பதிலாக எரிக்கும் கட்டிகளாகச் செய்வது அவன் தொழில். கிடங்கு காலியாக இருந்ததைப் பார்த்ததும் அவன் மனைவியின் முகம் மலர்ந்தது.

"மூணு மாசமா ராப்பகலா மெஷினோட மாரடிச்சீங்களே, எல்லாம் போயிடுச்சா?"

"ஒரு மூட்டைகூட மிச்சமில்ல" என்றான் எரிச்சலாக.

"அப்புறம் ஏன் உர்ருன்னு இருக்கீங்க? நான் நாளைக்கே வேலையை விட்டுடறேன். அந்த மேனேஜர் மூஞ்சில இனிமே என்னால முழிக்க முடியாது."

"அவசரப்படாத."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க! அடிக்கிற கட்டி அத்தனையும் போகுது. இன்னும் என்ன தயக்கம்? எடுத்துக்கிற ஆள் யாருன்னாவது சொல்லுங்களேன்."

அவன் அவளைக் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப் போனான். அங்கே பெரிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் தகரத்தில் பரப்பியிருந்த ஈரச் சக்கையிலிருந்து ஆவி கிளம்பியது.

"ஆலையிலிருந்து சொட்டச் சொட்ட அனுப்பறான். காயவைக்காம மெஷின்ல போட்டா கட்டியே பிடிக்காது."

"சரி, காஞ்சதும்?"

"கட்டி அடிப்பேன்."

"அதை?"

அவன் குனிந்து, காலையில் அடித்த கட்டிகளை ஒவ்வொன்றாக அடுப்புக்குள் தள்ளினான்.