மூன்று நடுவர்களும் ஒரு குதிரையும்

"விண்வெளியில குதிரையாம்! அதுக்கு மூக்குல ஆக்சிஜன் முகமூடி வேற! காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று பொரிந்தார் பேராசிரியர்.

அவர்தான் நடுவர் குழுவின் தலைவர். இடப்பக்கம் கவிஞர். வலப்பக்கம், பேனாவாலேயே ஆளைச் சாய்க்கும் விமர்சகர் அம்மையார். அந்த ஆண்டின் சிறந்த சித்திரப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடியிருந்தார்கள்.

முதல் சுற்றுக் குழு வடிகட்டியதில் மிஞ்சியவை இரண்டே புத்தகங்கள். ஒன்று, புகழ்பெற்ற ஓவியர் ஒருவர் ஒன்பது வருடம் வரைந்த எழுநூறு பக்க 'காலத்தின் நிழலும் நிழலின் காலமும்'. மற்றது, மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் ஒருவர் விடுமுறை நாட்களில் வரைந்த அறுபத்து நான்கு பக்க விண்வெளிக் கௌபாய் காமிக்ஸ்.

பரிசு பெறுகிறவரின் அடுத்த புத்தகத்தைப் பரிசுக் குழுவே அச்சிட்டுத் தரும். புகழ்பெற்றவருக்கு அச்சிட்டுக் கொடுக்க நாலு பேர் வாசலில் நின்றார்கள். எக்ஸ்ரேக்காரருக்கு இதை விட்டால் வேறு கதியில்லை. ஆகவே, பரிசு யாருக்குப் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

"கதைன்னு என்ன இருக்கு?" விமர்சகர் உதட்டைச் சுழித்தார். "ஒரு வறண்ட கிரகம். ஒரே ஒரு கிணறு. அதை வளைச்சுப் போட்ட ஒரு போக்கிரி. தட்டிக்கேட்க குதிரையில வர்ற ஒரு பொம்பளை. தத்துவம் உண்டா? ஒரு குழப்பமாவது உண்டா? முதல் தடவை படிக்கிறப்பவே எல்லாம் புரிஞ்சு தொலைக்குது!"

"ரெண்டாவது தடவையும்தான்," என்றார் கவிஞர்.

மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொறுப்புன்னு ஒண்ணு இருக்கே... அதான்," என்று இழுத்தார்.

"அந்தப் பொறுப்புக்காக நான் நாலு தடவை படிச்சேன்," என்றார் பேராசிரியர். "முப்பத்தோராம் பக்கம் பாருங்க. துப்பாக்கிச் சண்டை. ஆனா ஒரு 'டுமீல்' கிடையாது. முதல் கட்டத்துல மணல் மேல ரெண்டு நிழல். அடுத்ததுல வெறும் மணல். மூணாவதுல ஒரே நிழல். நிக்கிறது யாருன்னு பார்க்க, காப்பி ஆறினதுகூடத் தெரியாம பக்கத்தைத் திருப்பறேன். என்ன மலிவான உத்தி!"

"படு மலிவு," என்று ஆமோதித்தார் விமர்சகர். "குதிரையோட காத்து தீர்ந்துபோனதும் அவ தன்னோட முகமூடியைக் கழட்டி அதுக்கு மாட்டுவாளே, அந்த இடத்துல எங்க வீட்டுக்காரர் தேம்பித் தேம்பி அழுதுட்டார். ரசனை அவ்வளவு மட்டம்."

"உங்க வீட்டுக்காரரா?"

"அவரேதான்," என்ற அம்மையார் அவசரமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கவிஞருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கடைசியில கிணத்தை எட்டிப் பார்த்துட்டு அவ சிரிக்கிறாளே, எதுக்குங்க?"

"அடுத்த பாகத்துல வருமாம்," என்றார் விமர்சகர்.

"அது எப்ப வரும்?"

"நாம பரிசு கொடுத்தா வரும்."

அறையில் ஒரு நீண்ட பெருமூச்சு எழுந்தது. அது தன்னுடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "இலக்கியம்னு வந்துட்டா சொந்த ஆசாபாசத்துக்கு இடமில்லை. குதிரைக்குப் பரிசு கொடுத்தாங்கன்னு நாளைக்கு நாலு பேர் கைகொட்டிச் சிரிக்கக் கூடாது. பெரிய புத்தகத்துக்கு வருவோம்."

"ஆழம்! முங்கினா தரை தட்டாத ஆழம்!" என்றார் கவிஞர்.

"அடுக்கடுக்கா விரியுது. நாம எந்த அடுக்குல நிக்கிறோம்னே தெரியலை," என்றார் விமர்சகர்.

"குறிப்பா எந்த இடத்தைச் சொல்றீங்க?" பேராசிரியர் எச்சரிக்கையாகக் கேட்டார்.

"எல்லா இடத்தையும்தான். ஏன், நீங்க கவனிக்கலையா?"

"கவனிக்காம என்ன? இந்த மாதிரிப் படைப்புல ஒரு இடத்தைத் தனியாப் பிய்ச்சு எடுத்துச் சொல்றதே பாவம். நான் உங்களைச் சோதிச்சுப் பார்த்தேன்."

அதற்குமேல் யாரும் யாரையும் சோதிக்கவில்லை. பத்தே நிமிடத்தில் தீர்ப்பு தயாரானது. 'நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தோய்ந்து, வியந்து, ஏகமனதாக' என்று கவிஞர் எழுத, மூவரும் கையெழுத்திட்டார்கள். பேராசிரியர் மணியை அடித்தார்.

கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் குழுவின் செயலாளர் பெண்மணி. இரு கைகளிலும் செங்கல் செங்கல்லாக மூன்று கனத்த பொட்டலங்கள்.

"முடிவாயிடுச்சும்மா. 'காலத்தின் நிழல்'தான். மூணு பேருக்கும் ஒரே அபிப்பிராயம்."

செயலாளர் விழித்தார்.

"அதெப்படி சார்? அந்தப் பெரிய புத்தகத்தைப் பதிப்பாளர் அனுப்பாமலே விட்டுட்டார், நீங்களும் யாரும் கேட்கலை, நானும் மறந்துட்டேன். உங்க வீட்டுக்கெல்லாம் போனது அந்தக் குதிரைக் கதை மட்டும்தான். 'காலத்தின் நிழல்' மூணு பிரதியும் இப்பதான் கூரியர்ல வந்து இறங்கியிருக்கு!"