பத்துக்குப் பத்து

எம்.பி.ஏ. எங்கே படிப்பது என்று கேட்கத்தான் அக்கா வீட்டுக்கு வந்திருந்தான் அவன். அதற்குள் அத்தானுக்கு போன். கல்லூரிகளுக்கு ரேங்க் போடும் பத்திரிகையிலிருந்து. ஸ்பீக்கரில் போட்டார்.

"நீங்க எம்.பி.ஏ. படிச்ச காலேஜ்ல பாடம் நடத்துறது எப்படி சார்?"

"பத்துக்குப் பத்து."

"வேலை வாங்கித் தர்றது?"

"அதுவும் பத்து."

அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அத்தான் போனை வைத்ததும், "நானும் அங்கேயே சேர்ந்துடறேன் அத்தான்!" என்றான்.

"பைத்தியமா உனக்கு? அங்க வாத்தியார் வகுப்புக்கு வந்தாலே அதிசயம். வேலைக்கு நாயா அலைஞ்சேன்."

"பின்னே ஏன் பத்து?"

"ரேங்க் இறங்கினா என் பட்டத்தை எவன் மதிப்பான்?"

"அப்புறம் நீங்க மட்டும் ஏன் சேர்ந்தீங்க?"

"அப்பவும் அதுதான் முதல் ரேங்க், மாப்ள. எனக்கு முன்னாடி படிச்சவங்களுக்கும் போன் வந்திருக்குமில்ல?"