தொடர்பு

புலம்பெயர்ந்த நாட்டில், ஸ்பிரிங்வேலில் ஒரு முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறை. காலை வெயில் மேசைவரை வந்திருக்கிறது. யன்னலோரம் தில்லையம்பலத்தாரும் வியட்நாமியரான பாவோவும் அடுத்தடுத்த கதிரைகளில் இருக்கிறார்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. பாவோ மண்டரின் தோடம்பழத்தை உரித்து, விதையெடுத்து, சுளை சுளையாகத் தில்லையம்பலத்தாரின் தட்டில் வைக்கிறார். ஓர் ஆய்வுக்காக இங்கிருப்பவர்களின் நட்பையும் தனிமையையும் அளக்க வந்த வினுஷா, யாரோ நல்ல தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்த கேள்வியை டாப்லெட்டிலிருந்து வாசிக்கிறாள். "யார் யாருடன் உங்களுக்குத் தொடர்பு உண்டு?" சுளையை எடுக்கப் போன தில்லையம்பலத்தாரின் கை நிற்கிறது. கிழவரின் முதுகு நிமிர்கிறது. இரண்டு உள்ளங்கைகளும் அவள் பார்க்கும்படி மேசைமேல் விரிகின்றன. ஊரில் போர் முடிந்த வருடம், தடுப்பு முகாமில், விசாரித்த இராணுவத்தாரின் இதே கேள்விக்கு மாதக்கணக்காகச் சொன்ன பதில் தேயாமல் வருகிறது. "எனக்கு ஒருத்தரோடயும் தொடர்பில்லை, பிள்ளை." அவள் விரல் திரையில் பூச்சியத்தைத் தொடுகிறது. "அப்ப, பக்கத்தில இருக்கிறவர், அங்கிள்?" தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று விளங்கிய பாவோ சிரித்தபடி இன்னொரு சுளையை வைக்கிறார். தில்லையம்பலத்தார் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "இவரை எனக்குத் தெரியாது," என்று குரலைத் தாழ்த்துகிறார். "இவரை விடுங்கோ. இவர் ஒண்டும் செய்யேல்லை."