பூ நிற்காத நாலு வரிசை

"மொளகாச் செடி இடுப்பு ஒசரம் வளந்து என்ன பிரயோசனம்? புளியமரத்து நெழல்ல ஒரு பூ நிக்கல. மரத்தை வெட்டுங்கன்னா கேக்கறீங்களா?" என்றாள் சுகுணா.

"எங்க தாத்தா வெச்ச மரம்டி. நாலு வரிசைக்காக வெட்டுவாங்களா?" என்றான் அவள் கணவன் மாதையன்.

வாய்ச்சண்டை ஓயாததால், அவன் ஏரியூர் போய் வேளாண்மை அதிகாரியையே கூட்டி வந்துவிட்டான்.

அந்த அம்மாள் செடிகளைப் புரட்டிப் பார்த்தார். "நிழல்ல செடி நெடுநெடுன்னு வளரும், காய் குறையும். ஆனா இங்க காலை வெயில் நல்லா விழுதே! பாதிக் காயாவது புடிச்சிருக்கணும்." குனிந்து ஒரு காம்பைத் தொட்டார். "இது தானா உதிர்ந்த பூ இல்லைங்க. யாரோ நகத்தால கிள்ளியிருக்காங்க."

மாதையன் திரும்பினான். சுகுணா சட்டென்று கைகளை முந்தானைக்குள் மறைத்தாள். அதற்குள் அவள் கட்டைவிரல் நகத்தில் இருந்த பச்சைக் கறை அவன் கண்ணில் பட்டுவிட்டது.

போன மாசியில் புளி உலுக்க அந்த மரத்தில் ஏறிய மகன் சிலம்பரசன் உயிரோடு இறங்கவில்லை. அன்றிலிருந்து அவள் மகன் பேச்சையே எடுத்ததில்லை. மரத்து நிழலைப் பற்றி மட்டுமே பேசினாள்.

மாதையன் அதிகாரி பக்கம் திரும்பினான்.

"நெழல்தாங்க மேடம் காரணம். நாளைக்கே ஆள் வெச்சு மரத்தை வெட்டிடறேன்."