சனிக்கிழமை நோகாத இடுப்பு

“எந்த இடத்தில நோகுதெண்டு தொட்டுக் காட்டும் தம்பி, பாப்பம்,” என்றார் எலும்பு டொக்டர்.

பஹீம் கையைக் கொண்டுபோவதற்குள் அவனுடைய உம்மா மஸாஹிரா முந்திக்கொண்டாள். “நடு இடுப்புல டொக்டர். ஆறு மாசமா இதே பாடு. பாக்காத வைத்தியம் இல்ல.”

மகன் ஆறடி மூன்று அங்குலம். டொக்டரின் அறைக்குள்ளேயே தலை இடிக்காமல் குனிந்துதான் வந்திருந்தான். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கிழவனைப் போல நடந்தால் பெற்றவளுக்குப் பொறுக்குமா?

டொக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை.

“பாரம் தூக்கிறனீரோ?”

“இல்ல டொக்டர். கண்டியில மூக்குக் கண்ணாடிக் கடையில வேல. கதிரையில இருந்து செய்ற வேலதான்.”

“கதிரை சரியில்லையோ?”

“புதுக் கதிரை.”

“படுக்கிற மெத்தை?”

“மூணு மெத்த மாத்தியாச்சி,” என்றாள் மஸாஹிரா. “கடைசியில பாயிலயும் படுக்கப் போட்டுப் பாத்தேன்.”

“பஸ்ஸில நிண்டுகொண்டு போறனீரோ?”

“திகனயில ஏறுற டொக்டர். வெறும் பஸ். யன்னல் பக்கமே சீட் கெடைக்கும்.” இதைச் சொல்லும்போது மட்டும் பஹீம் டொக்டரைப் பார்க்காமல், சுவரில் இருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்தான்.

“ஒவ்வொரு நாளும் நோகுமோ?”

“சனி, ஞாயிறு நோகாது.”

“சனிக்கிழமை வேலை இல்லையோ?”

“வேல ஈக்கி டொக்டர். அதே பஸ், அதே கட, அதே கதிரை. ஆனா நோகாது.”

டொக்டர் பேனாவை மூடி வைத்தார். முப்பது வருட அனுபவத்தில், கிழமை பார்த்து வருகிற நோவை அவர் கண்டதேயில்லை.

“ஏப்ரல்லயும் ரெண்டு கிழம, பதினாலு நாளும் நோவே இல்ல,” என்றாள் மஸாஹிரா. “நான் ஓதி ஊதின எண்ணெய்தான் கேட்டிச்சி என்டு தெருவெல்லாம் சொல்லிட்டேன். பொறகு பழையபடி வந்திட்டு, எனக்கு வெக்கமாப் போச்சி. இப்ப மறதியும் சேந்தீக்கி டொக்டர். இன்டைக்கி சோத்து பேக்க எங்கயோ தொலச்சிட்டு வந்து நிக்கிறான்!”

பஹீமின் காது மடல் சிவந்தது.

“எனக்கு விளங்கேல்லை அம்மா,” என்று டொக்டர் கையை விரித்தார். “நரம்பு டொக்டர் ஒருத்தருக்குக் கடிதம் தாறன்.”

திகனைக்குத் திரும்பும் ஆட்டோவில் மஸாஹிராவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாளை மறுநாள் குண்டசாலையில் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண் பெயர் ரிப்கா, டீச்சர் வேலை. பதினொரு சம்பந்தத்தைத் தட்டிக் கழித்தவன், தரகர் சாஹுல் ஹமீது கொண்டுவந்த இந்தப் பன்னிரண்டாவதுக்கு மட்டும் படத்தைக்கூடப் பார்க்காமல் தலையாட்டியிருந்தான்.

“உம்மா, அங்க போய் நோவப் பத்தி வாயத் தொறக்காதீங்க.”

“நல்ல கதை! வருத்தத்த மறச்சி ஒரு புள்ளைக்கி உன்னக் கட்டி வச்சிட்டு, நாளைக்கி அல்லாஹ்வுக்கு நான் என்ன பதில் சொல்லுற?”

“இது முறிஞ்சா எனக்கு வேற கலியாணமே வேணாம். இப்பவே சொல்லிட்டேன்.”

“சும்மா இரி. மறைக்கிற பழக்கம் நம்மட வீட்டுல இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் வாப்பா நிஸாம் ஹாஜியார் வட்டிலப்பத் தட்டை நீட்டினார். மஸாஹிரா அதைத் தொடவில்லை. முதலில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். ஆறு மாத நோவு, மூன்று மெத்தை, ஸ்கேன், சனிக்கிழமை அதிசயம், நரம்பு டொக்டருக்குக் கடிதம் என்று ஒன்றையும் விடவில்லை.

ஹாஜியார் தாடியைத் தடவினார். “குறை நெனக்காதீங்க. என்ன வருத்தம் என்டே தெரியாட்டி எப்பிடிப் புள்ளயக் குடுக்கிற? கொஞ்சம் யோசிக்க வேணுமே.”

பஹீம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான், எல்லாம் போச்சு. இந்த உம்மாவின் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கக் கூடாதா!

“வாங்க மகன், எழும்புவோம்,” என்று மஸாஹிரா எழுந்தாள்.

“கொஞ்சம் இரிங்க மாமி!”

அறை வாசல் திரை விலகியது. ரிப்கா வெளியே வந்தாள். அவள் கையில் ஒரு பச்சைப் பை.

மஸாஹிராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுந்த பிடியை அவளே சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்த பை அது!

“இது எங்கட சோத்து பேக் இல்லியா?”

“ஓம் மாமி. வெள்ளிக்கிழம என்ட மடியில வச்சிட்டு, எடுக்க மறந்து எறங்கிட்டார்.” ரிப்கா தரையைப் பார்த்தபடியே சொன்னாள். “ஜனவரியில இருந்து இதுதான் மாமி. குண்டசாலையில நான் ஏறினா, எழும்பி சீட்டத் தந்திடுவார். ஒரு வார்த்த பேசினதில்ல, தரகரத்தான் அனுப்பி வச்சார். அது சின்ன பஸ், கூரையும் பதிவு, அவருக்குத் தல முட்டும். கண்டி போய்ச் சேருமட்டும் கூனிக் குறுகித்தான் நிக்கிறார்.”

மஸாஹிரா மகனைப் பார்த்தாள். மகன் வட்டிலப்பத்தைப் பார்த்தான்.

“அப்ப சனிக்கிழம மட்டும் ஏன் நோகல்ல?”

ரிப்கா முந்தானைக்குள் சிரித்தாள்.

“சனிக்கிழம எனக்கு ஸ்கூல் இல்லியே மாமி!”